கல்லை எடுக்காமல் குழாய் மட்டும் வைப்பது ஏன்? தொற்று ஏறிய சிறுநீரகக் கல் உயிருக்கு ஆபத்தாகும் விதம்

2023 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு பெண் சிறுநீரகக் கல் தொந்தரவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். கல்லோடு இருந்த தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் இரண்டு கால்களையும், பிறகு கைகளையும் எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியபோது படித்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கிட்னியில் இருக்கும் கல்லுக்கும் கை கால்களுக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊர் மருத்துவமனைகளில் இதே விஷயம் வேறொரு குழப்பமாக வருகிறது. குளிர்காய்ச்சலோடும் விலா வலியோடும் ஒருவரைச் சேர்க்கிறார்கள். நடு இரவில் அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். வெளியே வந்த டாக்டர், "கல்லை இப்ப எடுக்கலை, ஸ்டென்ட் மட்டும் வச்சிருக்கோம். ரெண்டு மூணு வாரம் கழிச்சு எடுத்துக்கலாம்" என்கிறார். குடும்பத்தாருக்குக் கோபம் வருகிறது. கல்லுக்காகத்தானே வந்தோம், அதை அப்படியே விட்டுவிட்டுக் குழாயை வைத்து அனுப்பினால் எப்படி, ரெண்டு தடவை பில் போடுவதற்கா என்று கேட்கிறார்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் விடை அடைப்பில் இருக்கிறது. கல் தனியாக இருந்தால் பெரும்பாலும் வலியோடு முடிந்துவிடும். தொற்று தனியாக இருந்தால் பெரும்பாலும் மருந்துக்கு அடங்கிவிடும். கல் வழியை அடைத்து, அதற்குப் பின்னால் கிருமியும் சேர்ந்துகொண்டால் கணக்கே வேறு.

சிறுநீர் போகும் வழி

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரை உருவாக்குகிறது. அந்தச் சிறுநீர் சிறுநீரகத்தின் நடுவே இருக்கும் கூடத்தில் சேர்ந்து, சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. டாக்டர்கள் யூரெட்டர் என்று சொல்லும் இந்தக் குழாயின் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உள் அகலம் 3, 4 மில்லிமீட்டர்தான். அதிலும் மூன்று இடங்கள் இன்னும் குறுகல்: குழாய் சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம், இடுப்பின் பெரிய ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் வழக்கமாகச் சிக்குவதும் இங்கேதான்.

இதில் ஒரு முரண் உண்டு. சிறுநீரகத்துக்குள்ளேயே 15 மில்லிமீட்டர் கல் அசையாமல் கிடந்தால் பல மாதம் ஒன்றுமே தெரியாமல் போகலாம். 6 மில்லிமீட்டர் கல் கீழே இறங்கிக் குழாயை முழுக்க அடைத்தால் அன்றைக்கே ஆபத்து. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் 'எத்தனை எம்.எம்.?' என்றுதான் பார்க்கிறோம். கல் எங்கே இருக்கிறது, அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதுதான் அதைவிட முக்கியம். ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று எழுதியிருந்தால், சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று பொருள்.

'தொற்று ஏறிய கல்' என்பதில் இரண்டு கதைகள்

இந்தப் பெயரில் இரண்டு தனித்தனி நிலைமைகளைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. கிருமியே கட்டிய கல். புரோட்டியஸ், கிளெப்சியெல்லா போன்ற சில கிருமிகளிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. அந்தச் சூழலில் மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற கல்லாகப் படிகின்றன. இது வேகமாக வளரும். சில சமயம் சிறுநீரகக் கூடத்தின் கிளைகள் அத்தனையிலும் பரவி மான்கொம்பு வடிவத்தில் நிற்கும். முக்கியமான விஷயம், கிருமி கல்லின் மேலே ஒட்டியிருப்பதல்ல, உள்ளேயே அடைந்து கிடக்கிறது. ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற பெண்கள், நீண்ட நாள் கதீட்டர் போட்டிருப்பவர்கள், தண்டுவடப் பாதிப்பால் சிறுநீர் சரியாகக் கழிக்க முடியாதவர்கள் ஆகியோரிடம் இது கூடுதல்.

2. சாதாரணக் கல் அடைத்து, தேங்கிய சிறுநீரில் ஏறிய தொற்று. நம் மக்களிடம் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட் கல். அதைக் கிருமி உருவாக்கவில்லை. ஆனால் அது குழாயை அடைத்து, தேங்கிய சிறுநீரில் ஈ.கோலை போன்ற கிருமி பெருகினால் விளைவு இன்னும் வேகமானது.

முதல் வகை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சிறுநீரகத்தை அரிக்கிறது. இரண்டாவது வகை சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடுகிறது. முதல் வகைக் கல்லும் ஒருநாள் வழியை அடைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வரும்.

அடைப்பும் கிருமியும் சேரும்போது உள்ளே நடப்பது

சாதாரண சிறுநீர்த் தொற்றில் உடம்புக்கு ஒரு இயல்பான பாதுகாப்பு இருக்கிறது: ஓட்டம். சிறுநீர் இறங்கிக்கொண்டே இருப்பதால் கிருமி கழுவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அடைப்பு விழுந்ததும் முதலில் போவது இந்தப் பாதுகாப்பு. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இப்படி நடக்கிறது:

1. சிறுநீரகம் வடிகட்டுவதை உடனே நிறுத்துவதில்லை. போக வழியில்லாத சிறுநீர் கூடத்தில் சேர, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சுவர் இழுபடுவதால்தான் அந்தத் தாங்க முடியாத வலி.

2. அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால், கூடத்தில் இருக்கும் திரவம் எதிர்த்திசையில், சிறுநீரகத்தின் சிரை ரத்தக்குழாய்களுக்குள்ளும் நிணநீர் வழிகளுக்குள்ளும் தள்ளப்படுகிறது. கிருமிக்கும் அதன் நச்சுக்கும் ரத்தத்துக்குள் நேர்வழி கிடைத்துவிடுகிறது. குளிரில் உடம்பு தூக்கிப்போடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

3. அதே அழுத்தத்தால் வடிகட்டும் வேலை குறைந்துகொண்டே வருகிறது, அந்தச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. ஆன்டிபயாடிக் சிறுநீருக்குள் வர வேண்டுமானால் ரத்தத்திலிருந்து வடிகட்டப்பட்டுத்தான் வர வேண்டும். அடைபட்ட பக்கத்தில் அது நடக்காது. டிரிப்ஸில் ஏறுகிற மருந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது, நல்ல சிறுநீரகத்தின் வழியே வெளியே போகிறது. கிருமி குடியிருக்கும் கூடத்துக்குப் போதுமான அளவில் சேருவதில்லை.

4. கவனிக்காமல் விட்டால் தேங்கிய சிறுநீர் சீழாக மாறுகிறது. சிறுநீரகம் முழுக்கச் சீழ்ப்பையாகும் இந்த நிலைக்குப் பயோநெஃப்ரோசிஸ் என்று பெயர். இங்கிருந்து சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது கடினம். ஆளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலையாகிவிடும்.

மூன்றாவது புள்ளியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 'பவர் கூடின ஆன்டிபயாடிக் போட்டுப் பார்க்கலாம், தியேட்டர் வேண்டாம்' என்று குடும்பத்தார் கேட்பது இதை அறியாததால்தான். பழுத்த கட்டியைக் கீறி விடாமல் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பதைப் போன்றது அது. மருந்து வேண்டும், அதுவும் உடனே வேண்டும். ஆனால் வழி திறக்காமல் மருந்து மட்டும் போதாது.

ரத்தத்தில் ஏறிய பிறகு

சிறுநீர்ப் பாதையில் தொடங்கி ரத்தம் வழியே உடம்பு முழுக்கப் பாதிக்கும் நிலையை யூரோசெப்சிஸ் என்கிறார்கள். செப்சிஸ் என்றால் 'ரத்தத்தில் கிருமி' என்று மட்டும் பலர் புரிந்துகொள்கிறார்கள். 2016இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரையறை வேறு விதமானது: தொற்றுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுப்பாடு இழந்து, தன் உறுப்புகளையே சேதப்படுத்தி உயிருக்கு ஆபத்தாகும் நிலைதான் செப்சிஸ். கிருமி தொடங்கி வைக்கிறது. பாதி அழிவை உடம்பே செய்துகொள்கிறது.

ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிவதால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. குழாய்ச் சுவர்கள் கசிந்து நீர் வெளியேறுவதால் இன்னும் இறங்குகிறது. மூளைக்கு ரத்தம் குறைந்தால் குழப்பமான பேச்சு, நுரையீரல் பாதித்தால் மூச்சிரைப்பு. அடைபடாமல் இருந்த நல்ல சிறுநீரகமும் ரத்த ஓட்டம் குறைந்து வேலையை நிறுத்தலாம். கல் ஒரு பக்கம்தானே இருக்கிறது, டயாலிசிஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

போதுமான நீர் ஏற்றிய பிறகும் அழுத்தம் நிற்காமல், அதை மருந்தால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்து, திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை என்று காட்டும் லாக்டேட் அளவும் ரத்தத்தில் உயர்ந்திருந்தால் அது செப்டிக் ஷாக். கை கால் விஷயம் இங்கேதான் வருகிறது. அழுத்தம் விழும்போது உடம்பு இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தத்தைத் தூக்கக் கொடுக்கும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகளும் ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. அதோடு செப்சிஸில் ரத்தம் உறையும் முறையே கெட்டுப்போய், நுண்குழாய்களில் ஆயிரக்கணக்கான சிறு உறைவுகள் உண்டாகின்றன. மூன்றும் சேர்ந்தால் விரல் நுனிகள் கறுத்து, சதை அழுகத் தொடங்கும். உயிரைத் தக்கவைத்த மருந்தே விரல்களுக்கு எதிராகவும் வேலை செய்திருக்கலாம். ஆனால் அந்த மருந்து இல்லாவிட்டால் ஆளே இல்லை. சிகிச்சையில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது.

2009 ஜனவரியில் பிரேசில் நாட்டு மாடல் மரியானா பிரிடி தன் 20ஆவது வயதில் இறந்ததும் ஏறக்குறைய இதே பாதையில்தான். முதலில் சிறுநீரகக் கல் என்று கருதப்பட்டது. பிறகுதான் சூடோமோனாஸ் என்ற கிருமியால் வந்த சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறியது தெரிந்தது. கைகளையும் பாதங்களையும் அகற்றியும் காப்பாற்ற முடியவில்லை. செப்சிஸ் இந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் வயதானவர்களுக்கு மட்டும் வரும் என்ற நினைப்பு தவறு.

முதலில் வழி, பிறகுதான் கல்

அடைப்புக்குப் பின்னால் தொற்று என்று சந்தேகம் வந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு: நரம்பு வழியே ஆன்டிபயாடிக், தேங்கியதை வெளியேற்ற ஒரு வழி. வழி திறக்க இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, டிஜே ஸ்டென்ட். சிறுநீர் வெளியேறும் பாதை வழியாகவே கேமராக் கருவியை உள்ளே செலுத்தி, மெல்லிய கம்பியைக் கல்லைத் தாண்டி மேலே ஏற்றி, அதன்மேல் மென்மையான குழாயை நகர்த்தி வைப்பார்கள். இரு முனைகளும் சுருண்டிருப்பதால் ஒன்று சிறுநீரகத்திலும் மற்றொன்று சிறுநீர்ப்பையிலும் நிற்கும். வெளியே எதுவும் தெரியாது. இந்த வடிவம் 1978இல் அறிமுகமானது.

மற்றொன்று, முதுகுப்புறமாகப் போடும் பி.சி.என். குழாய். ஸ்கேனில் பார்த்தபடி ஊசியால் நேராகச் சிறுநீரகக் கூடத்தைத் துளைத்து, குழாய் வைத்து, வெளியே ஒரு பையில் வடியவிடுவார்கள். அமெரிக்காவில் வில்லார்ட் குட்வின் 1955இல் இதை விவரித்தார். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடலாம் என்பதால், மயக்க மருந்தைத் தாங்க முடியாத அளவு மோசமானவர்களுக்கு இது உதவும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், தட்டணுக்கள் குறைந்துபோனவர்களுக்கும் துளைப்பது ஆபத்து, அவர்களுக்கு ஸ்டென்ட் நல்லது. இரண்டில் எது சிறந்தது என்று ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த நேரத்தில் அந்த மருத்துவமனையில் எது சீக்கிரம் நடக்குமோ அதுவே சரி.

சீக்கிரம் என்பது எவ்வளவு முக்கியம்? அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2013இல் வெளிவந்த ஆய்வில், சிறுநீர்க்குழாய்க் கல்லோடு செப்சிஸும் வந்தவர்களில் வழி திறக்கப்படாதவர்கள் 19 சதவீதம் பேர் இறந்தார்கள். திறக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 9 சதவீதம். 2020இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, இரண்டு நாளோ அதற்கு மேலோ தாமதமானால் இறப்பு வாய்ப்பு 29 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. வார இறுதியில் சேர்ந்தவர்களுக்குத் தாமதம் கூடுதலாக இருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. அமெரிக்காவிலேயே அப்படியென்றால், சனிக்கிழமை இரவு சிறுநீரக அறுவை மருத்துவர் இல்லாத ஒரு சிறிய நகரத்தில் காத்திருப்பது என்ன விளைவைத் தரும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சரி, தியேட்டர் வரை போனவர்கள் கல்லையும் அப்போதே உடைத்து எடுத்திருக்கலாமே? கல்லை உடைக்க, பார்வை தெளிவாக இருக்க, அழுத்தத்தோடு நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே சீழும் கிருமியும் நிரம்பிய கூடத்தில் அந்த அழுத்தத்தைக் கொடுத்தால் கிருமி ரத்தத்துக்குள் மொத்தமாகத் தள்ளப்படும். கல் உடையும்போது அதற்குள் இருந்த கிருமியும் வெளியே வரும். தியேட்டரில் நன்றாக இருந்தவர் இரண்டு மணி நேரத்தில் ஐ.சி.யூ.வுக்குப் போகலாம். அதனால்தான் சர்வதேச வழிகாட்டுதல்கள் ஒரே குரலில் சொல்கின்றன: வழியைத் திற, தொற்றை முடி, அப்புறம் கல்லைத் தொடு. கல்லை விட்டு வைப்பது அரைகுறை வேலை அல்ல. இந்த நிலைமையில் முழுச் சிகிச்சையே அதுதான்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் வைத்த உடனேயே காய்ச்சல் இறங்கிவிடாது. முதல் சில மணி நேரம் ஏறவும் செய்யலாம். ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, சிறுநீரின் அளவு ஆகியவைதான் முன்னேற்றத்தைக் காட்டும்.

ஏமாற்றும் இடங்கள்

தாமதம் ஆவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல. இந்த நோய் காட்டும் அடையாளங்களே ஏமாற்றும்.

யூரின் டெஸ்ட் சுத்தமாக வரலாம். ஒரு பக்கக் குழாய் முழுக்க அடைபட்டிருந்தால், பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் சிறுநீர் நல்ல சிறுநீரகத்திலிருந்து வந்தது. சீழ் மேலே அடைப்புக்குப் பின்னால் நிற்கிறது. 'யூரின் நார்மல், தொற்று இல்லை' என்று நிம்மதியடைவது இந்த நிலையில் பெரிய பிழை. குழாய் வைக்கும்போது மேலிருந்து எடுக்கும் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்வது இதனால்தான். கீழே எடுத்த கல்ச்சரில் ஒரு கிருமியும் மேலே எடுத்ததில் வேறொரு கிருமியும் வருவது உண்டு.

சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தச் சோதனையான கிரியேட்டினினும் நார்மலாக இருக்கலாம். ஒரு சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் போதும், அந்த எண் பெரிதாக ஏறாமல் இருக்கலாம்.

காய்ச்சல் தெரியாமல் போகலாம். பக்கத்துக் கிளினிக்கில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி வலியோடு சேர்த்துக் காய்ச்சலையும் அமுக்கிவிடும். வீட்டில் ஆறு மணிக்கொரு தடவை பாராசிட்டமால் போட்டுக்கொண்டு 'ஜுரம் இல்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை. முதியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் காய்ச்சலே வராமல், உடம்பு சில்லிட்டுப் போவதோ, பேச்சு தடுமாறுவதோ முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்பா நேற்றிலிருந்து ஒரு மாதிரியாகப் பேசுகிறார் என்று மகள் சொல்வது, தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிடப் பயனுள்ள தகவல்.

வலி நின்றுபோனதும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கல் வெளியேறியிருக்கலாம். அல்லது அந்தச் சிறுநீரகம் வடிகட்டுவதையே குறைத்துக்கொண்டிருக்கலாம். எது என்று ஸ்கேன் தான் சொல்லும். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வீக்கம் தெரியும். குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய கல் தெரியாமல் போவது சகஜம். டை ஊசி போடாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேனில்தான் அது துல்லியமாகத் தெரியும்.

சர்க்கரை நோய் இருந்தால்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். கல் உள்ள நோயாளிகளில் இவர்களைத் தனியாகக் கவனிக்கக் காரணம், எம்ஃபைசிமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் என்ற நீளமான பெயருடைய ஒரு சிக்கல். ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் திசுவில் ஏராளமாக இருக்கும் சர்க்கரையைப் புளிக்கவைத்து, சிறுநீரகத்துக்குள்ளேயே வாயுவை உண்டாக்குகின்றன. சி.டி. ஸ்கேனில் சிறுநீரகச் சதை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகக் காற்று தெரியும். இது வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். அடைப்பும் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

முன்பு இதற்குச் சிறுநீரகத்தை உடனே அகற்றுவதுதான் வழக்கம். இப்போது ஊசி வழியாகக் குழாய் வைத்து வடியவிட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்து, இன்சுலினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியே பலரைக் காப்பாற்றுகிறார்கள். அகற்றுவது கடைசி வழி. இங்கே கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் இது சாதாரண சிறுநீர்த் தொற்றைப் போலவே இருக்கும். காரணமே தெரியாமல் சர்க்கரை எகிறுவது சில நேரம் முதல் துப்பு.

சத்தமில்லாமல் அரிக்கும் வகை

மான்கொம்புக் கல் உள்ளவர்கள் பலர் 'வலியே இல்லையே, எதற்கு ஆபரேஷன்' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். லண்டனில் ஜான் பிளாண்டியும் சக மருத்துவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தள்ளிப்போடலின் விலையைக் காட்டியது: அறுவை செய்யாமல் விட்டவர்களில் 10 ஆண்டுகளில் இறந்தவர்கள் 28 சதவீதம், செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய 7 சதவீதம். இன்றைய மருந்துகளும் கருவிகளும் அன்று இல்லை, அதனால் அந்த எண்களை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. திசை மாறவில்லை.

நாள்பட்ட கல்லும் தொற்றும் சேர்ந்தால் வேறு சில வடிவங்களும் எடுக்கும். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பில் சீழ் கட்டலாம். அது பின்னாலிருக்கும் சோவாஸ் தசைக்குப் பரவினால் காலை நீட்ட முடியாத வலி வரும், நோயாளி எலும்பு மருத்துவரிடம் போய் நிற்பார். சிலருக்குச் சிறுநீரகத் திசு முழுக்க அழிந்து, அந்த இடத்தில் கொழுப்பைத் தின்ற செல்கள் குவிந்து கட்டி போல் ஆகிவிடும். ஸ்கேனில் புற்றுநோயா என்று சந்தேகம் வரும், பெரும்பாலும் சிறுநீரகத்தை எடுத்த பிறகுதான் உறுதியாகும். மிக அரிதாக, பல வருட உறுத்தலால் கூடத்தின் உட்சுவரில் உண்மையிலேயே புற்றுநோய் வருவதும் உண்டு.

வாழைத்தண்டு, நெருஞ்சில், பீர்

கல் என்றதும் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் நெருஞ்சில் தண்ணீரும் வீட்டுக்கு வந்துவிடும். நண்பர்கள் பீர் சிபாரிசு செய்வார்கள். 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள கற்களில் பெரும்பாலானவை தாமாகவே இறங்கிவிடும் என்பதால், அந்த வாரத்தில் எதைக் குடித்தாரோ அதற்குப் பெயர் கிடைக்கிறது. காய்ச்சலோ அடைப்போ இல்லாத சின்னக் கல்லுக்கு வாழைத்தண்டு பெரிய கெடுதல் செய்யப்போவதில்லை. பீரை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது; மருத்துவர்கள் சொல்லும் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்ற அறிவுரைக்குள் அது அடங்காது.

அந்தத் தண்ணீர் அறிவுரையும் கல் வராமல் தடுக்கச் சொன்னது. வழி முழுக்க அடைபட்டுக் காய்ச்சலும் அடிக்கும்போது, கல்லைத் தள்ளிவிடும் என்று நம்பி லிட்டர் லிட்டராகக் குடித்தால் வலிதான் கூடும். இங்கே நாட்டு மருந்தின் உண்மையான தீங்கு அது பறிக்கும் நேரம்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கல் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவருக்கோ, விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி வந்தவருக்கோ கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை பொறுக்காமல் போக வேண்டும்:

1. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல், அல்லது தெர்மாமீட்டர் எதைக் காட்டினாலும் உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்.

2. சிறுநீர் மிகக் குறைந்துபோவது அல்லது வராமலே நிற்பது.

3. பேச்சில் குழப்பம், அசாதாரணத் தூக்கம், மூச்சிரைப்பு, சில்லிட்ட கை கால், தலைசுற்றல்.

4. ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், கர்ப்பிணி, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர் ஆகியோருக்குக் கல் வலி வந்தால். இவர்களுக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே வேண்டாம்.

108ஐ அழைக்கும்போதே, சிறுநீரகக் கல் இருக்கிறது, கூடவே காய்ச்சலும் குளிரும் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்வது உதவும். போகிற இடத்தில் ஸ்டென்டோ பி.சி.என்.னோ வைக்கும் வசதி இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இல்லையென்றால் முதல் ஆன்டிபயாடிக் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு, டிரிப்ஸோடு அடுத்த மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மருந்து போட்டாயிற்று, விடிந்ததும் பார்ப்போம் என்று அங்கேயே தங்கிவிடக் கூடாது.

குழாய் வைத்த பிறகு

ஸ்டென்ட் உள்ளே இருக்கும் நாட்களில் அடிக்கடி சிறுநீர் வரும், எரியும், நடந்தால் லேசாக ரத்தம் கலக்கும், சிறுநீர் கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று இழுக்கும். பயப்பட வேண்டியவை அல்ல. மறுபடியும் காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே போக வேண்டும்.

தொற்று அடங்கிய பிறகு, பொதுவாகச் சில வாரங்கள் கழித்து, கல்லை எடுப்பார்கள். அதற்கு முன் மறுபடி யூரின் கல்ச்சர் எடுத்து, வந்த கிருமிக்குப் பொருத்தமான ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டுத்தான் தியேட்டருக்குப் போக வேண்டும். எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது நல்லது. ஸ்ட்ரூவைட் என்று வந்தால், சிறு துணுக்கு மிச்சமிருந்தாலும் அதில் கிருமி உயிரோடு இருக்கும், மீண்டும் கல் வளரும்; அதனால் முழுக்க எடுத்தாயிற்றா என்று பிறகு ஸ்கேன் செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

நம் ஊரில் அடிக்கடி கோட்டை விடும் இடம் இன்னொன்று இருக்கிறது. காய்ச்சல் நின்று, வலி போய், ஆள் வேலைக்குத் திரும்பியதும் ஸ்டென்ட் உள்ளே இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். சிலர் கல்லையும் எடுத்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரண ஸ்டென்டை மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அதைத் தாண்டி விட்டால் அதன் மேலேயே உப்பு படிந்து புதிய கல்லாகும். வருடக்கணக்கில் விட்டால் குழாயைச் சுற்றி இரு முனையிலும் கல் கட்டி, இழுத்தால் வராது, சில சமயம் உள்ளேயே ஒடியும், எடுப்பதற்கே இரண்டு மூன்று அறுவை தேவைப்படும். அடைப்பும் தொற்றும் மறுபடி தொடங்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் வைத்த தேதியும் எடுக்க வேண்டிய தேதியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தேதியை வீட்டில் இன்னொருவர் போனிலும் ஏற்றி வைக்க வேண்டும்.